ஓட்டமாவடிப் பம்பும் ஒற்றைச் சொக்ஸும்

போன சனிக்கிழமை நான் ஓட்டமாவடிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு பழைய பம்ப் வாங்க. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், அதுவும் இந்தச் சோதனைச்சாவடிக் காலத்தில் வைத்திருப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். சொக்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காவும் அத்தானும் உன்னிச்சையில் வயல் செய்கிறார்கள். அக்காவுக்கு எட்டு மாதம். கால் வீங்கியிருக்கிறது, சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவமாது சொன்னதாக வெள்ளி பின்னேரம் செய்தி வந்தது. மழையில் அந்தப் பக்கம் பஸ் நின்று மூன்று நாள். அந்தச் சேற்றில் போகக்கூடியது மாமாவின் ஜீப் ஒன்றுதான். அதற்கு நாலு சில்லும் இழுக்கும், வயது என்னைவிடக் கூட. ஆனால் வியாழனன்றே அதன் பவர் ஸ்டியரிங் பம்ப் செத்துவிட்டது. எண்ணெயை அமுக்கி அனுப்பி, சில்லைத் திருப்ப நமக்குக் கை கொடுப்பது அந்தப் பம்ப்தான். அது இல்லாவிட்டால் ஸ்டியரிங் அம்மிக்கல். மாமாவுக்கு ஒருமுறை முறிந்த தோள். எனக்கு வயது பதினேழு, லைசன்ஸ் கனவில் மட்டும்.

காலை 6.10க்கு எங்கள் ஊர் ஆரையம்பதியில் பஸ் ஏறினேன். மட்டக்களப்பில் இன்னொரு பஸ், அங்கிருந்து ஓட்டமாவடி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் இரண்டு இடத்தில் எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியால்தான் போகும். ரயில் வந்தால் நாம் பெரிய மனதுடன் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். போய்ச் சேர 8.50.

பழைய பாட்ஸ் கடைக்கார முஸ்லிம் அண்ணன், அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நானா, என் பையிலிருந்த செத்த பம்பைப் பார்த்துவிட்டு, இரும்புக் குவியலுக்குள் கையை விட்டு அதன் இரட்டைப் பிறவியை எடுத்தார். 6,500 ரூபா. கையால் சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லை.

"ஓடல்லெண்டாக் கொண்டு வா மகன், நான் இஞ்சதான் இருப்பன். முதல்ல அதுட வாயை அடை. எண்ணெய் சொட்டினா செக்பொயின்ற்ல உன்னை ரோட்டுல குந்த வெச்சிருவானுகள்."

அடைக்க ஒன்றும் இல்லை. என் இடது கால் சொக்ஸைக் கழற்றி, பிளேடால் இரண்டாக வெட்டி, பம்பின் இரண்டு வாயிலும் திணித்தேன். நானா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதல் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வாயிலிருந்த துண்டை இழுத்து, மோந்து பார்த்து, ரோட்டோரம் எறிந்தார். அவர் முகம் போன போக்குக்குக் காரணம் எண்ணெய் இல்லை. அடுத்த சாவடியில் மற்றதையும் இழுத்தால் எண்ணெய் முழுக்க என் பைக்குள்தான் என்று பயந்து, பெரிய வாயிலிருந்த துண்டைப் பேனையால் உள்ளே தள்ளினேன். வெளியே தெரியாத அளவுக்குத் தள்ளினேன். எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

சின்ன வாயை மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு அடுத்த சாவடியையும் தாண்டி, 12.15க்கு ஆரையம்பதி. ஜீப்பைச் சுற்றி மாமாவும் கராஜ் மெக்கானிக் பாஸும் நின்றார்கள். பாஸ் பெல்ட்டை மாட்டி, குழாய்களை இறுக்கி, எண்ணெய் ஊற்றினார். காற்றுப் போக வேண்டும் என்று முன் சில்லுகளை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பத்துத் தரம் திருப்பினார். பிறகு ஸ்டார்ட். பம்ப் கொசு மாதிரி முனகியது, பிறகு நாய் மாதிரி ஊளையிட்டது. ஸ்டியரிங் அசையவில்லை.

"ஏமாத்திப்போட்டான் உன்ர நானா," என்றார் மாமா. மணி 1.10. உன்னிச்சைக்குப் போகவும் வரவும் தாண்ட வேண்டிய வலையிறவுப் பாலத்துச் சாவடி ஐந்துக்குப் பூட்டும்.

பாஸ் மறுபடி சாவியில் கை வைத்தார். "இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்."

அப்போதுதான் பேனையால் உள்ளே தள்ளிய துண்டு எனக்கு ஞாபகம் வந்தது.

"பாஸ், போடாதீங்க! உள்ளுக்க என்ர சொக்ஸ் கிடக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை! போன மாதம் ஜீப்புக்கு அடியில் முதலை கிடக்கிறது என்று சொல்லி மாமாவை மதில் ஏற வைத்தவன் நான்.

"உன்ர பகிடிக்கு இதா நேரம், மனே? அங்க உன்ர அக்கா காத்திட்டிருக்காள்!"

"சத்தியமா, மாமா!"

"முதலைக்கும் சத்தியம் பண்ணினாய்தானே!"

வேறு வழியில்லை. நான் சாவியைப் பிடுங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டு, எண்ணெய் வரும் குழாயைக் கையால் காட்டினேன். மாமா அடிக்க ஓங்கினார். பாஸ்தான் தடுத்து, முணுமுணுத்துக்கொண்டே குழாயைக் கழற்றி, வளைத்த சைக்கிள் கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். கறுத்து ஊறிப்போய் என் அரைச் சொக்ஸ் வந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருந்தா பம்ப் எரிஞ்சிருக்கும்," என்றார். மாமா ஓங்கிய கையை அப்படியே தலையில் வைத்தார்.

1.50க்குப் புறப்பட்டோம். இந்தத் தரம் மாமா ஒரு விரலால் திருப்பினார். உன்னிச்சை 3.20. கடைசி மூன்று கிலோமீட்டரில் தண்ணீர் சில்லின் பாதிக்கு நின்றது. அக்காவைத் தலையணை அடுக்கி ஏற்றினோம். அவளுடைய முகமும் வீங்கியிருந்தது. அதைப் பார்த்தபின் என்னிடம் பகிடி ஒன்றும் மிஞ்சவில்லை. பாலத்துச் சாவடி 4.45. ஆஸ்பத்திரி 5.10. பிரஷர் கூடியிருக்கிறது, அடுத்த நாள்வரை பொறுத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டொக்டர்.

உங்களுக்கு என் அறிவுரை: காலை முதல் பஸ்ஸில் போங்கள். பழைய பம்பையும் கொண்டுபோங்கள், சாவடியில் இரண்டும் ஒரே மாதிரி என்று காட்டலாம். சொக்ஸ் போட்டுக்கொண்டு போகலாம், கழற்றத்தான் கூடாது. வாயை அடைக்கச் சிவப்புத் துணி, வால் வெளியே ஒரு முழம் தொங்கட்டும். மாட்டும்போது எத்தனை துணி என்று எண்ணுங்கள். நானாவின் பம்பில் ஒரு குறையுமில்லை, அதை மாமா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை அக்காவுக்கு மகள் பிறந்தாள். நான் ஒரு சோடிக் குட்டிச் சொக்ஸ் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அக்கா வாங்கி, இரண்டுக்குள்ளும் விரலை விட்டு நுனிவரை பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குப் போட்டாள்.