கோலாலம்பூரில் மாப்பிள்ளை பார்த்த நான்கு நாட்கள்

புதன், பிற்பகல் 3.20. டுசல்டோர்ஃப் விமான நிலையம். விமானம் புறப்பட இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் கிடந்தது. அதற்குள் நான் நாலு தரம் கடவுச்சீட்டுகளை எண்ணிவிட்டேன். மூன்று பேர், மூன்று கடவுச்சீட்டு. டோர்ட்மண்டில் இருபத்தாறு வருடம் ட்ராம் ஓட்டியவன் நான். இரண்டு நிமிடம் பிந்தினாலே எனக்குப் பொறுக்காது. இந்தப் பயணத்திலோ எதற்கும் நேர அட்டவணை கிடையாது.

"அப்பா, கைன் ஸ்ரெஸ், பதறாதேங்கோ" என்றாள் மகள் ஜெனிற்றா, கதிரையில் காலை நீட்டிக்கொண்டு. அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள்.

ஊர் பார்க்கப் போகிறோம் என்றுதான் டிப்போவில் சொல்லி லீவு எடுத்தேன். அது பாதி உண்மை. மீதியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெனிற்றாவுக்கு முப்பத்தொரு வயது; கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி செய்து கொடுக்கும் வேலை. இலங்கையில் எங்கள் ஊரான மன்னாரிலிருந்து அருள் என்ற பிள்ளையின் சம்பந்தம் வந்தது. நாலு மாதம் இரண்டு பேரும் கைபேசியில் கதைத்தார்கள். இனி நேரே பார்க்க வேண்டும். அருள் ஜெர்மனிக்கு வர இரண்டு தரம் விசா கேட்டார், இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள். சரி, நாங்கள் மன்னாருக்குப் போவோம் என்றால் இவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"தட்டில தேத்தண்ணி கொண்டு வந்து நிக்க என்னால ஏலாது. ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஊரில சந்திப்பம். சரிவராட்டி ஒரு ஊர் பாத்த மாதிரியாவது இருக்கும்."

எங்கள் சனத்தில் இது புதுமையல்ல. சிங்கப்பூர், பாங்கொக், கோலாலம்பூர் என்று, இரு பக்கத்துக்கும் விசா கிடைக்கிற இடத்தில் குடும்பங்கள் சந்தித்துக்கொள்கின்றன. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஜெனிற்றாவே போட்டாள். கூடவே ஒரு நிபந்தனை: "நாலாம் நாள் நான் பதில் சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தரும் அந்தக் கதை கதைக்கப்படாது."

நான் தலையாட்டினேன். ஆனால் எங்கள் டிப்போவில் ஆள் தட்டுப்பாடு என்பதால், மருமகனுக்கு ஓட்டுநர் வேலை பழக ஓரிடம் கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் ஏற்கனவே கேட்டு வைத்திருந்தேன். என் மனைவி றீற்றாவோ பக்கத்துத் தெருவில் இரண்டறை வீடு காலியாகிறதென்று அறிந்து வைத்திருந்தா. ஜெனிற்றாவிடம் இரண்டையும் பற்றி மூச்சுவிடவில்லை.

வியாழன், பிற்பகல் 3.05. டுபாயில் மாறி ஏறிக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அப்பியது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு ஐம்பத்தேழு கிலோமீற்றர். விரைவு ரயிலில் ஆளுக்கு ஐம்பத்தைந்து ரிங்கிற், இருபத்தெட்டு நிமிடம் என்று எழுதியிருந்தது. மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தேன், இருபத்தெட்டேதான். ஜெர்மனிக்காரர் வந்து பார்க்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற தமிழர் பகுதியில் தங்கினோம். அங்கே கொண்டுபோய் விட்ட வாடகைக் கார்க்காரர் மலேசியத் தமிழர். நாங்கள் வாய் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"சிலோன்காரங்களா அண்ணே? இந்த ஏரியாவில முன்னாடி ரயில்வே வேலைக்கு வந்ததெல்லாம் உங்க ஆளுங்கதான். சுத்திப் பார்க்கவா வந்தீங்க?"

"ஓம், சும்மா பாக்க" என்றேன்.

"நாலு நாள்தானா? பத்தாது லா!" என்று மலேசியப் பாணியில் இழுத்தார்.

எனக்கு நாலு நாளே நாலு வருடமாகத் தெரிந்தது.

மாலை ஏழு மணிக்கு, மழை விட்ட பிறகு, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அருளைக் கண்டோம். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்துப் படிப்பித்த அக்கா, பள்ளிக்கூட ஆசிரியை ஸ்டெல்லா ரீச்சர், கூட வந்திருந்தா. பிள்ளைக்கு முப்பத்துநாலு வயது, குடிநீர்த் திட்டமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகம். மெலிந்த, கூச்சமான ஆள். சாப்பிடும்போது ஜெனிற்றா அவரோடு மூன்று வசனம் பேசினாள், நான் எண்ணினேன். அதில் ஒன்று "தண்ணி தாங்கோ." நாலு மாதம் விடியவிடியக் கைபேசியில் கதைத்தவர்கள் இவர்கள்தானா என்று எனக்குப் பகீரென்றது.

வெள்ளி, காலை 9.30. இரட்டைக் கோபுரம். 452 மீற்றர் உயரம், எண்பத்தெட்டு மாடி. நாங்கள் போன அன்று நுழைவுச்சீட்டு ஆளுக்குத் தொண்ணூற்றெட்டு ரிங்கிற், கிட்டத்தட்ட இருபது யூரோ. முதலில் நாற்பத்தோராம் மாடிக்குக் கொண்டுபோய், இரண்டு கோபுரத்தையும் இணைக்கும் பாலத்தில் விடுகிறார்கள். நிலத்திலிருந்து 170 மீற்றர். கீழே கார்கள் தீப்பெட்டி அளவில் போகின்றன என்று றீற்றா சொன்னா. நான் கீழே பார்க்கவில்லை. பத்தடி முன்னால் போன இரண்டு முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தின் நடுவில் ஜெனிற்றா நின்றாள். கையை நீட்டி அருளின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். எனக்கு இதயம் வாய்க்கு வந்துவிட்டது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காதுப்பிடியை மெல்ல வளைத்துத் திரும்பப் போட்டுவிட்டாள்.

"இதை ஆர் செய்து தந்தது? வில்லையின்ர மையம் கண்ணுக்கு நேரா வரேல்லை. உங்களுக்குத் தலையிடிக்கிறதே இல்லையோ?"

"இடிக்கும். வவுனியாவுக்குப் போய்ச் செய்விச்சது. எங்கட பக்கத்துக் கிராமங்களில சனம் சந்தையில விக்கிறதை ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்துத்தான் வாங்குதுகள். இது பரவாயில்லை."

ஜெனிற்றாவின் முகம் இருண்டது. சரி, போச்சுது என்று நினைத்தேன். றீற்றாவோ என் முழங்கையில் இடித்தா. "பாத்தீங்களோ, தொட்டுக் கதைக்கிறாள்!"

"அது அவளின்ர தொழில். வழியில போற கிழவனுக்கும் செய்வாள்" என்றேன். எண்பத்தாறாம் மாடியிலிருந்து நகரம் முழுவதும் தெரியுமாம். தெரிந்திருக்கும்.

சனி, காலை 8.40. பத்துமலை. சென்ட்ரல் நிலையத்திலிருந்து பதின்மூன்று கிலோமீற்றர், ரயிலுக்கு இரண்டு ரிங்கிற் அறுபது சதம். தூரத்திலேயே பொன்னிற முருகன் தெரிகிறார், 140 அடி. பின்னால் வானவில் நிறத்தில் 272 படிகள், மேலே குகைக் கோயில். நாங்கள் கத்தோலிக்கர், ஆனாலும் றீற்றா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினா. "எங்கட மடு மாதா கோயிலுக்குச் சைவச் சனம் வாறேல்லையே? இவரிட்ட நான் கேட்டால் என்ன குறைஞ்சுபோகும்?" என்ன கேட்டா என்று நான் விசாரிக்கவில்லை. நானும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து அதையேதான் கேட்டேன்.

இளையவர்கள் இருவரோடு றீற்றாவும் படியேறினா. என் முழங்கால் இடம் தரவில்லை. ஸ்டெல்லா ரீச்சரும் நானும் கீழே இளநீர் குடித்துக்கொண்டு, குரங்கொன்று ஒரு வெள்ளைக்காரியின் பையைப் பறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சும்மா இருக்க மாட்டாத என் வாய், டிப்போவில் வேலைக்குக் கேட்டு வைத்த கதையைச் சொல்லிவிட்டது. ரீச்சரின் முகம் மலர்ந்தது. கைப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தா.

"நாங்களும் ஆயத்தமாத்தான் இருக்கிறம் அண்ணை. தம்பி ஜெர்மன் சோதினையும் பாஸ் பண்ணிட்டான்."

ஜெர்மனியில் இருக்கும் துணையோடு சேர விசா கேட்பவர்கள் எழுத வேண்டிய ஏ-ஒன் பரீட்சையின் சான்றிதழ் அது. நல்ல புள்ளிகள். திகதியைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தியது.

"ரீச்சர், எங்கட சம்பந்தம் கதைச்சு நாலு மாசம்தானே?"

அவவின் முகம் செத்துப்போயிற்று. "அது... ஜெர்மனியில, ஸ்ருட்கார்ட்டில இருக்கிற ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குக் கதைச்சது. சரிவரேல்லை அண்ணை. அந்தப் பக்கம்தான் வேண்டாமெண்டது. மறைக்கவேணுமெண்டு நினைக்கேல்லை." இளநீர்க் கோம்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

அதற்குமேல் முருகனும் தெரியவில்லை, குரங்கும் தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது என் மகளா, ஜெர்மனியா? யார் கையைப் பிடித்தாவது வந்துவிட வேண்டும் என்றிருக்கிறாரா? எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. நான் எப்படி வந்தேன்? இன்னொருவனின் கடவுச்சீட்டில் என் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தவன். என்னையும் ஆராவது ஒரு நாட்டுக்குள் விட்டுவிட மாட்டார்களா என்று அலைந்தவன். இதெல்லாம் தெரிந்தும், அவள் என் பிள்ளையாயிற்றே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

பிற்பகல் 4.10. சென்ட்ரல் மார்க்கெட். பத்திக் துணியும் மரப் பொம்மைகளும் விற்கிற நீலக் கட்டடம். துணிக்கடை ஒன்றின் மூலையில் வைத்து றீற்றாவிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?" என்றா குரலைத் தாழ்த்தி. "என்ர போட்டோவைப் பாத்து ஓமெண்டு சொல்ல முதல் நீங்கள் எத்தினை போட்டோ பாத்தனீங்கள்?"

"அஞ்சு."

"நான் கேட்டனானோ? பிள்ளையிட்ட ஒண்டும் சொல்லாதேங்கோ. நாளைக்குப் பதில் சொல்லட்டும்."

சொல்லாமல் விட்டு அவள் ஓமென்றால், தெரிந்துகொண்டே பிள்ளையைக் குழியில் தள்ளிய பாவம் எனக்கு. சொல்லி அவள் மாட்டேன் என்றால், நல்ல பிள்ளை ஒன்றின் வாழ்க்கையைக் கெடுத்த பாவமும் எனக்கே. இருபது ரிங்கிற்றுக்கு வேண்டாத ஒரு விசிறியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிறு, காலை 10.45. தேவாலயத்தில் பூசை முடித்துச் சுதந்திர சதுக்கத்துக்கு வந்தோம். பச்சைப் புல்வெளி, தொண்ணூற்றைந்து மீற்றர்க் கொடிக்கம்பம், எதிரே செப்புக் குமிழ்களோடு பழைய அரச மாளிகை மாதிரிக் கட்டடம். அருள் கொஞ்சம் தனியே நின்று கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன்.

"தம்பி, உம்மட்ட ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ அங்கிள்."

கேட்க வாயெடுத்தேன். "படம் எடுக்கப் போறம், வாங்கோ!" என்று ஜெனிற்றா கூப்பிட்டாள். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் பல்லுவலிக்காரன் மாதிரி நிற்கிறேன்.

பிற்பகல் 2.30. திரும்பவும் அதே விரைவு ரயில். அருளும் அக்காவும் காசு குறைவென்று பஸ்ஸில் முதலே போய்விட்டார்கள். எங்கள் பெட்டியில் அதிக சனமில்லை. நகரம் முடிந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் வரத் தொடங்கியபோது ஜெனிற்றா காதிலிருந்த பாட்டுக் கேட்கும் கருவியைக் கழற்றினாள்.

"அப்பா, அம்மா. ஓம். எனக்கு விருப்பம்."

றீற்றா சிலுவை அடையாளம் போட்டு அழத் தொடங்கினா. சந்தோசப்பட வேண்டிய நானோ முந்தின நாளிலிருந்து அடக்கியதை அவிழ்த்துக் கொட்டினேன்.

"பிள்ளை, அவசரப்படாதை. அந்த ஏ-ஒன் சான்றிதழ் மூண்டு வருசத்துக்கு முந்தினது. ஸ்ருட்கார்ட்டில..."

"தெரியும் அப்பா. முதல் கிழமையே சொன்னவர்."

"அப்ப அவருக்கு ஜெர்மனியிலதான் ஆசை எண்டு..."

"இருந்தது. ஏன், இப்பவும் கொஞ்சம் இருக்கும். வரட்டோ எண்டு கேட்டவர். வேண்டாமெண்டு சொல்லிட்டன்." என் கையைப் பிடித்தாள். "அவர் வரேல்லை அப்பா. நான் போறன்."

"எங்க?"

"மன்னாருக்கு. அங்க ஒரு கண்ணாடிக் கடை போடப் போறன். ரெண்டு வருசம் பாப்பம். ஏலாட்டி ரெண்டு பேருமாத் திரும்பி வருவம். நாலு மாசமா இதைத்தான் கதைச்சனாங்கள். நேரில பாக்காமல் முடிவெடுக்கேலாதெண்டுதான் இங்க வந்தது."

றீற்றாவின் அழுகை நின்றுவிட்டது. நான் வெளியே பார்த்தேன். செம்பனை, செம்பனை, செம்பனை. டிப்போவில் கேட்டு வைத்த வேலை, பக்கத்துத் தெரு வீடு, பிள்ளைக்கு வேண்டியது எது என்று தூக்கமில்லாமல் புரண்டது, எல்லாம் எந்த முட்டாளின் கவலை? பயணம் என்றால் அங்கிருந்து இங்கே வருவது. எங்களில் ஒருவரும் மற்றத் திசையில் யோசித்ததேயில்லை.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில் ஓர் அதிகாரி என்னைக் கேட்டார்: "திருப்பி அனுப்பினால் உங்களுக்கு என்ன பயம்?" மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அதற்குப் பதில் சொன்னேன். சோதனைச் சாவடி, கடற்கரை, இரவில் வந்து கதவைத் தட்டிய சத்தம். சொன்னவை எல்லாம் இப்போது திரும்ப நினைவில் வந்தன. இப்ப அங்கே அப்படியில்லை, சனம் இருக்கிறது, கலியாணம் கட்டுகிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்தென்ன, அந்தக் கதவைத் தட்டிய சத்தம்தான் காதில் கேட்டது. இருபத்தெட்டு நிமிடத்தில் ரயில் நின்றது.

பிற்பகல் 4.00. கொழும்பு விமானத்துக்கு ஒரு வாசல், டுபாய் விமானத்துக்கு இன்னொரு வாசல். பிரியும் இடத்தில் அருள் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"அங்கிள், கோவமோ?"

"இல்லைத் தம்பி. ஒருக்காலும் இல்லை." தோளைப் பிடித்தேன், அவரும் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லா ரீச்சர் றீற்றாவின் கன்னத்தில் முத்தமிட்டு, இரண்டு பேரும் என்னென்னவோ சொல்லி அழுதார்கள். பிறகு அவர்கள் போய்விட்டார்கள்.

எங்கள் வாசலில் ஜெனிற்றா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "சொல்லுங்கோ அப்பா. உங்களுக்குள்ள வைச்சிருக்காதேங்கோ."

"பயமாயிருக்கு பிள்ளை."

"எனக்கும் பயம்தான். நீங்கள் வரேக்க பயப்படேல்லையோ?"

"பயத்திலதானே வந்தனான்."

"நான் விருப்பத்தில போறன்" என்றாள்.

ஒரு நாட்டுக்கு விருப்பப்பட்டுப் போவது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் அப்படி எங்கும் போனதில்லை. எங்கள் வரிசையைக் கூப்பிட்டார்கள். கடவுச்சீட்டுகளை எண்ண எடுத்தேன். ஜெனிற்றா தன்னுடையதை என் கையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.