எதிர்ப்பக்கம் மடித்த இலை

பாண்டிச்சேரி ஓட்டலில் மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மகன் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான். என் கை தண்ணீர் ஜக்கை இறுக்கிப் பிடித்தது.

அப்போது பிரெஞ்சுக்காரன் காலம். எனக்கு எட்டு வயது. வில்லியனூர்ச் சந்தைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த கரியமாணிக்கத்துக்காரரும் வந்திருந்தார். இருவரும் சாராயக்கடையில் ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டு, சிரித்தபடி பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை தெருவரை வந்தது.

சாப்பிட்டு முடித்து அப்பா கை கழுவப் போனார். நான் எதிரே உட்கார்ந்திருந்த கரியமாணிக்கத்துக்காரரின் இலையிலிருந்த அப்பளத்தை எட்டி எடுத்தேன். ரசத் தொன்னை சாய்ந்தது. வெள்ளை வேட்டி நனையாமலிருக்க அவர் சட்டென்று இலையைத் தன் பக்கத்திலிருந்து தூக்கி எதிரே மடித்தார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சாவுச் சோற்றுக்குத்தான் எங்களூரில் அப்படி மூடுவார்கள்.

"எம்பொண்ணு சம்பந்தம் உனக்குக் கருமாதிச் சோறாடா?" திரும்பி வந்த அப்பா பித்தளைச் சொம்பால் அவர் நெற்றியில் அடித்தார்.

"இன்னாயா, கொயந்ததான்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் இலைமேல் தெறித்தன. அவர் பெஞ்சைத் தூக்கி வீசினார். அப்பாவின் தோள் எலும்பு நொறுங்கியது. ரசத்தைச் சாய்த்தது நான்தான் என்று சொல்லாமல் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அக்காவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அக்கா சாகும்வரை கேட்டாள்: "அந்தாளு இன்னாத்துக்குடி அப்டி மூடுனாரு?"

"எனக்கு இன்னா தெரியும்" என்பேன்.

"ரசம் வழிஞ்சிதும்மா, அதான் மடிச்சேன்" என்றான் ஓட்டலில் என் மகன்.

"அத அப்பவே சொல்லித் தொலையறதுக்கு இன்னாடா?" என்று கத்தினேன். ஓட்டலே திரும்பிப் பார்த்தது. என் கையில் ஜக் தலைக்குமேல் ஓங்கியிருந்தது.