ணங்கா, டொக்கா

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பூங்கோதையைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியூர்க்காரர். சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கட்டைகளைத் தரம் பிரிப்பது அவள் வேலை. ஒவ்வொன்றையும் எடுத்துக் காதருகே வைத்து விரலால் சுண்டுவாள். ணங்கென்றால் பெட்டிக்குப் போகும். டொக்கென்றால் உள்ளே விரிசல். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் கழிவுக் குவியலுக்குப் போகும். நான் அவள் புருஷன். தேவநாதன் என்ற என் பெயர் ரேஷன் கடையில் மட்டும்தான் புழங்குகிறது. மற்ற இடமெல்லாம் ‘பூங்கோதை வூட்டுக்காரரு’தான். இதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பும் உண்டு.

நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவள் அவள். படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். டாக்டரே சொல்லித்தான் டவுனில் யோகா வகுப்புக்குப் போனாள். முதலில் மூச்சு, பிறகு முதுகை மெல்ல வளைப்பது என்று அவசரப்படாமல் கற்றுக்கொண்டாள். ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வருவதற்குள் தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கினாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? வேலை தொடங்குவதற்கு முன்னால், கம்பெனி முற்றத்தில் பாயை விரித்துப் பேட்டைப் பெண்களுக்கெல்லாம் அவளே சொல்லித்தர ஆரம்பித்துவிட்டாள்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆசனம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருத்தியையும் பார்த்து, “ணங்கா, டொக்கா?” என்று கேட்பாள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையென்றால் ணங். பிரஷர், தலைசுற்றல், மூட்டுவலி, சாப்பிட்டுவிட்டு வந்தது எல்லாம் டொக். டொக் என்றவளுக்கு அன்று லேசான பயிற்சி.

“டொக்குன்னு சொல்றதுல வெக்கம் இல்ல அமுதவள்ளி. மறைச்சுட்டுக் குனிஞ்சின்னா அதான் வெக்கம். மூச்சை அடக்காத. வலிச்சா நிறுத்து. யோகா பண்றோம்னு மாத்திரைய நிறுத்திடாத” என்பாள், பிரஷரை மறைக்கப் பார்க்கிறவளிடம்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து, “நீங்கக்கா?” என்று கேட்க வேண்டும். அதுவும் அவள் வைத்த விதிதான். “ணங்” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

வருசா வருசம் யோகா தினத்தன்று பேட்டை மைதானத்தில் மேடை போடுவார்கள். கடைசி நிகழ்ச்சி பூங்கோதையின் சிரசாசனம். அதைப் பார்க்கவே கம்மாபுரத்திலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கால் இரண்டையும் அவள் வானத்துக்கு நீட்டினால் மைதானமே வாயடைத்துப் போகும்.

இந்த வருசம் அதற்கு முந்தின வாரம் கண்ணாடி மாற்றக் கண் டாக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு அவர், “கண்ணுல அழுத்தம் அதிகமா இருக்குதும்மா. தலைகீழா நின்னா இன்னும் ஏறும். இதுல போன பார்வை திரும்பி வராது. தினம் சொட்டு மருந்து போடுங்க. சிரசாசனம் வேணாம்” என்றார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தாள்.

“ஏங்க, ஒரே ஒரு தடவ. இந்த வருசத்தோட விட்டுடுறேன்.”

“கண்ணு போனா?”

“வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவள் பிடித்த பிடியை விடாதவள் என்று ஊருக்கே தெரியும்.

யோகா தினத்தன்று காலை மேடைக்கு எதிரே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். காலைத் தூக்கினால் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவது என்று முடிவு. மானம் போனால் போகட்டும். மேடையில் பெண்கள் வரிசையாகப் பாய் விரித்தார்கள். பூங்கோதை மைக்கைப் பிடித்து வழக்கம்போல ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். ணங், ணங். அமுதவள்ளி மட்டும், “டொக்குக்கா, பிரஷரு” என்றாள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள்.

“நீங்கக்கா?”

பூங்கோதை மைக்கை வாயருகே கொண்டுபோனாள். அமுதவள்ளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“டொக்கு” என்றாள்.

மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

“கண்ணுல அழுத்தம் இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. தலைகீழா நிக்கக் கூடாது. இந்த வருசம் சிரசாசனம் கெடையாது. அதப் பாக்க வந்தவங்க மன்னிச்சுக்குங்க.”

பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. சிலர் எழுந்து போகவும் செய்தார்கள். அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலியில் இருந்தபடியே தோளையும் முதுகையும் மூச்சையும் பழகுவது எப்படி என்று காட்டினாள். கொஞ்ச நேரத்தில் வரிசையில் ணங் சொன்ன பூர்ணிமா கையைத் தூக்கினாள். “அக்கா, எனக்கும் டொக்குதான். ரெண்டு நாளா தலை சுத்துது.” அவளுக்கும் ஒரு நாற்காலி வந்தது. இன்னொருத்தியும் கை தூக்கினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தலைகீழாக நின்ற எந்த வருசமும் எனக்கு இப்படிப் பெருமையாக இருந்ததில்லை.

பக்கத்தில் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டார். “நீங்க யாருங்க? அழுவுறீங்களே.”

“பூங்கோதை வூட்டுக்காரன்” என்றேன். மேடை வரைக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.