ஹெலன் கடையிலிருந்து போன முப்பதாயிரம் மெயில்

மல்லசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஹெலன் பதினாறு வருடங்களாகக் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறார். வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பம் என்று யார் வந்தாலும் அவரே தட்டச்சு செய்து, கடையின் முகவரியிலிருந்து மெயிலில் அனுப்பிவிடுவார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருத்தாமல் விடமாட்டார்.

போன ஆடி மாதம் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க லைன்ல இருந்து ஒரே நாள்ல முப்பதாயிரம் மெயில் போயிருக்குதுங்க. நீங்க அனுப்புனதுங்களா?"

"நான் பத்து அனுப்புனாலே பெருசுங்க" என்றார் ஹெலன்.

வழக்கமாகப் பழுது பார்க்கும் மாதேஸ்வரன் திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். தமிழ் எழுத்துருவை மாற்றுவதற்காக ஹெலன் இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருளுக்குள் வைரஸ் ஒளிந்திருந்தது. எங்கேயோ இருக்கும் யாரோ அதை வைத்து இந்தக் கம்ப்யூட்டரை ஆட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப் போன மெயில்களில் ஒன்றை மாதேஸ்வரன் திறந்து காட்டினார். 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது, உடனே இங்கே அழுத்துங்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஹெலன் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை நம்பி எத்தனை பேர் அழுத்துனாங்களோ!"

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுத் தாரேன். வெளிய யாருக்கும் தெரியாதுங்க."

முகம் தெரியாத அத்தனை பேரை எங்கே போய்த் தேடுவது? ஆனால் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அதே மென்பொருளை ஏழு பேருக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். கடையின் மெயில் முகவரி மோசடி முகவரிகளின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டதால், இரண்டு வாரமாக அவர் அனுப்பிய விண்ணப்பங்களும் போய்ச் சேரவில்லை. பட்டியல் எடுத்தார். விண்ணப்பம் போய்ச் சேராதவர்கள் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னார். மற்ற எல்லோருக்கும் மறுபடி அனுப்ப நாள் இருந்தது. நர்சிங் முடித்த உஷாராணிக்கு மட்டும் கடைசித் தேதி தாண்டியிருந்தது. அதைப் போனில் சொல்ல மனம் வராமல், ராசிபுரத்தில் பஸ் மாறிப் புதுச்சத்திரம் போனார்.

வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்த உஷாராணியின் முகம் இறுகியது.

"பத்து நாளா எனக்குத் தகுதி பத்தலையோன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க அக்கா."

"தப்பு என் கடைல தானுங்க."

"சரி. அந்த வேலை இனி வருங்களா?"

ஹெலன் அங்கிருந்தே, விண்ணப்பம் அனுப்பிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். உஷாராணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஹெலன் அதைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பென்டிரைவ் வாங்கிய ஏழு பேரிடமும் ஹெலன் விஷயத்தைச் சொன்னார். ஐந்து பேர் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துகொண்டார்கள். ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். இன்னொருவர் அதற்குப் பிறகு ஹெலன் கடைப் பக்கமே வரவில்லை. ஊரில் நாலு பேருக்குச் செய்தி பரவி, கொஞ்ச நாள் கூட்டம் குறைந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஹெலன் ஒருநாளும் நினைக்கவில்லை.

ஐப்பசியில் உஷாராணி போன் செய்தார். ராசிபுரத்தில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"விண்ணப்பம் என் செல்லுல இருந்து நானே அனுப்பிட்டேனுங்க அக்கா."

"நல்லதுங்க சாமி" என்றார் ஹெலன். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வலித்தாலும்.