துரைசானிக்கு வைத்த எண்ணெய்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் சித்தம் கலங்கியவர்கள் சிலரும் இருப்பார்கள். தலையில் எண்ணெய் தேய்த்து நாற்பது நாள் அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அழைத்து வருகிற உறவுக்காரர்கள் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். காற்று மாற வந்தோம் என்பார்கள். பரீட்சைக்குப் படித்துக் களைத்துவிட்டான் என்பார்கள். கேட்கிறவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் அந்தப் பக்கம் போனதும் உச்சுக்கொட்டுவார்கள். பொய் சொல்லுவதையும் அதை நம்பாமல் இருப்பதையும் இவ்வளவு மரியாதையாகச் செய்கிற ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அங்கே ஒரு ஜமீன் பங்களா என் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. சாரல் காலம் மூன்று மாதமும் தென்காசி வீட்டைப் பூட்டிக்கொண்டு பங்களாவின் பின்கட்டுக்கு நாங்கள் குடிபோய்விடுவோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்தப் பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்காரி வந்தாள். அவளுடைய அண்ணன் செங்கோட்டைக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரை. அவர் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, துணைக்குத் தம்முடைய பட்லரை வைத்துவிட்டு, பத்து நாளில் வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். பைத்தியத்தை விட்டுவிட்டுப் போகிறவர்களும் இப்படித்தான் போவார்கள் என்பதை அம்மா அன்றைக்கே கவனித்துவிட்டாள்.

வந்தவள் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். புருஷன் செத்தவளாகவும் தெரியவில்லை, திருச்செந்தூருக்கு முடி நேர்ந்துகொண்டவளாகவும் இருக்க முடியாது. பிறகு எதற்கு ஒரு பெண்பிள்ளைக்கு முடியை வெட்டுவார்கள்? மறுநாள் விடிந்ததும் இன்னும் தெளிவாகிவிட்டது. பங்களாவுக்குப் பின்னால் மாடு மேய்கிற புல்தரையில் போய் நின்றுகொண்டு, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பந்தை ஒரு நீளமான மட்டையால் ஓங்கி அடித்தாள். பந்து போன இடத்துக்குத் தானே நடந்துபோய் மறுபடியும் அடித்தாள். சாரலில் நனைந்துகொண்டே நாலு மணி நேரம் இதே வேலை. சாயங்காலம் தரையில் ஒரு குழி தோண்டி அதற்குள் பந்தைத் தள்ளினாள். எடுத்தாள். திரும்பவும் தள்ளினாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சில நேரம் கீழே பந்தே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, மட்டையை மட்டும் வீசுவாள். அதைப் பார்த்த பிறகு அம்மா அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

அது கோல்ஃப் என்கிற ஆட்டம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாததை எல்லாம் தெரிந்தவர் என் தாய்மாமா. சுரண்டையில் அவருக்கு ஜவுளிக்கடை. ஆனால் மனசெல்லாம் வைத்தியத்தில். காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பார் என்பதால் அவரிடமிருந்து தப்பிப்பது கஷ்டம். சாரலுக்கு எங்களோடு வந்து தங்கியிருந்த மாமா, இரண்டு நாள் வாழைமரத்துக்குப் பின்னால் நின்று துரைசானியைப் பார்த்தார். மூன்றாம் நாள் பட்லரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, துரைசானியம்மாவுக்கு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று பதமாக விசாரித்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பட்லர் பாளையங்கோட்டைக்காரர். கேள்வி புரிந்ததும் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணாச்சி, அவுகளுக்கு உத்தியோகமே இதுதான். அவுக ஊர்ல மத்த துரைசானிமாருக்கு இந்த ஆட்டத்தச் சொல்லிக்குடுத்துச் சம்பளம் வாங்குனவுக. வார சனிக்கெழம கொடைக்கானல்ல துரைமாருக்கு முன்னால ஆடிக் காட்டணும். நல்லா ஆடுனா அங்கனயே வாத்தியார் வேல. இல்லன்னா கப்பலேறிப் போக வேண்டியதுதான். அங்கன அவுகளுக்குன்னு ஒருத்தரும் இல்ல" என்றார்.

மாமா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பட்லர் எழுந்து போனதும் அம்மாவைப் பார்த்து, "எம்புட்டு விசுவாசம் பாத்தியா. எப்படி மூடி மறைக்கான்" என்றார். பந்தை அடிப்பதற்குச் சம்பளம் என்றால் எங்கள் தெருவில் பாதிப்பேர் தாசில்தாராகியிருக்க வேண்டும். அதையும் ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுப்பார்களாம். கொஞ்சம் நம்புகிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் பட்லரை நாங்கள் ஒருவேளை நம்பியிருப்போம்.

மாமா உடனே காரியத்தில் இறங்கினார். வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெந்தயம், இன்னும் வெளியில் சொல்லக்கூடாத நாலைந்து சரக்குகள் போட்டு நல்லெண்ணெயில் ஒரு தைலம் காய்ச்சினார். பங்களா முழுக்க அந்த வாடை அடித்தது. அம்மா ஒரு கிண்ணத்தில் அதை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள். தலையில் தேய்க்கவா என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டாள். துரைசானி விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கிச் சிரித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். வைத்தியம் வேண்டாம் என்று சொல்லுவதும் அந்த நோயின் குணம்தான் என்றார் மாமா.

வியாழக்கிழமை மத்தியானம் என்னைத் தனியே கூப்பிட்டார். தலையைக் காட்டாதவர்களுக்கு அவர்கள் எதை விடாமல் பிடித்திருக்கிறார்களோ அதில் மருந்தை ஏற்ற வேண்டுமாம். "உள்ளங்கை வழியா உச்சிக்கு ஏறிரும். நீ சின்னப்பிள்ள, ஒன்னய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. பாவம்ட்டி அந்தப் பொம்பள. புண்ணியமாப் போவும்" என்றார்.

புண்ணியம் என்றதும் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. துரைசானி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். வராந்தாவில் ஒரு நீளமான தோல்பைக்குள் ஏழெட்டு மட்டைகள் நின்றன. ஒவ்வொன்றின் பிடியிலும் தோல்வாரை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். கை பட்டுப் பட்டு அந்தத் தோல் கறுத்து, அவளுடைய விரல் பதிகிற இடங்களில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. நான் ஒன்றையும் விடவில்லை. வார்ச் சுற்றின் இடுக்குகளில்கூட எண்ணெய் இறங்கும்படி, அம்மா எனக்குத் தலை தேய்க்கிற மாதிரி அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தோல் தாகத்தில் கிடந்ததுபோல எல்லாவற்றையும் குடித்தது. மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. துரைசானி வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் புல்தரைக்குப் போனாள். முதல் வீச்சிலேயே மட்டை கையைவிட்டு வழுக்கிப் பறந்து தென்னந்தோப்பு வாய்க்காலில் போய் விழுந்தது. அவள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். அடுத்த மட்டையை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். அதற்குப் பிறகு பகல் முழுவதும் வராந்தாப் படியில் உட்கார்ந்து, பட்லர் கொண்டுவந்த சாம்பலையும் துணியையும் வைத்துக்கொண்டு பிடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோலுக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. பொழுது சாயும்போது தேய்ப்பதையும் விட்டுவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பின்கட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "இன்னைக்கு ஒரு பந்து அடிக்கல, பாத்தியா. அடங்கிட்டு" என்று மாமா சொன்னார். அம்மா எனக்கு அதிரசம் சுட்டுக் கொடுத்தாள்.

அன்று பொழுது சாய்ந்த சமயத்திலேயே அண்ணன்துரை காரோடு வந்துவிட்டார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது துரைசானி என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்து என் கையை எடுத்து முகர்ந்தாள். ஒரு நாள் ஆகியும் வாடை போகவில்லை. அவள் ஏதோ கேட்டாள். பட்லர், என் முகத்தைப் பார்க்காமல், "ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேக்காக" என்றார்.

எனக்குப் பயம் ஒன்றுமில்லை. பெருமையாகவே சொன்னேன். "சொகமாவணும்னுதான் தடவுனேன்."

பட்லர் அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ, ரொம்ப நேரம் சொன்னார். துரைசானி கேட்டு முடித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் தலையில் கை வைத்து ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று பட்லரிடம் கேட்டேன். ஒன்றுமில்லை, உள்ளே போ என்றார். அவள் எனக்கு நன்றி சொன்னதாகவே நான் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வேறொரு துரையோடு பட்லர் வந்தபோது அப்பா விசாரித்தார். கொடைக்கானலில் ஆட்டம் சரிப்படவில்லையாம், வேலை கிடைக்கவில்லையாம், கப்பலேறிப் போய்விட்டாளாம். மாமா பக்கத்தில்தான் இருந்தார். "சொகமாயி ஊருக்குப் போயிட்டாங்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். அதன்பிறகு அந்தத் தைலத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பெரிய பெயராகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரியை ஒரே பூச்சில் தெளியவைத்த எண்ணெய் என்றால் சும்மாவா? ஒவ்வொரு தடவை அந்தக் கதை நடக்கும்போதும் தேய்த்தது நான்தான் என்று நானும் குறுக்கே சொல்லிக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் படித்தேன். முடித்ததும் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பிடித்தால்தான் வேலை. ஒரு வாரம் வீட்டில் பழகினேன். கதவில் சாக்குக்கட்டியால் எழுதி, வெறும் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதிலையும் நானே சொல்லி, "உட்காரு" என்று சுவரை அதட்டிக்கொண்டும் இருந்தேன். பாடம் நடத்துவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து என் பின்னால் நின்றாள். திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மாமா சுரண்டையிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்.

நாளைக்குப் பாடம் நடத்த வேண்டும், அதற்குத்தான் பழகுகிறேன் என்று சொன்னேன்.

"ஆமாட்டி, ஆமா" என்று அம்மா தலையாட்டினாள்.

பட்லரிடம் மாமா தலையாட்டியதும் இப்படித்தான். அந்தப் பத்து நாளும் குற்றாலத்தில் நிஜத்தைச் சொன்ன ஒரே மனிதர் பட்லர்தான் என்பதும், நான் எண்ணெய் தேய்த்தது ஒருத்தியின் சோற்றில் என்பதும் ஒன்பது வயதில் உறைக்காமல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவோடு வாதாடிப் பயனில்லை. உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். கைகளை மட்டும் எண்ணெய் படாமல் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன்.