முதல் மரியாதைக்கு ஒரு மதம்

தா.பழூருக்குக் கிழக்கே, வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சின்ன ஊரில் இளையபெருமாள் என்று ஒருவர் இருந்தார். கடவுளிடம் அவருக்கு அபார பக்தி. கடவுளும் தன்னிடம் அதே அளவு மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் எதிர்பார்த்ததில்லை. கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, ஊர் மாரியம்மன் தேரில் முதல் பரிவட்டம். இவைதான் அவருடைய சொத்து. முதல் இரண்டை விற்றுச் சாப்பிடலாம், மூன்றாவதை முறுக்கிக்கொள்ளலாம். நாலாவதுக்காக அவர் உயிரையே விடுவார்.

பரிவட்டம் என்பது ஒன்றுமில்லை. அம்மனுக்குச் சாத்தி எடுத்த ஒரு முழம் பட்டுத்துணி. தேர் வடத்தைத் தொடும் முன்னால் பூசாரி அதை ஊர்ப் பெரியவர் தலையில் கட்டுவார். இளையபெருமாளின் அப்பா தலை, தாத்தா தலை என்று அந்தத் துணி ஒரே குடும்பத்தின் எண்ணெயைக் குடித்து வளர்ந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷம் வைகாசியில் தேர். கூப்பிட ஆள் வந்தான். இளையபெருமாள் எழுந்திருக்கவில்லை. மறுபடி வந்தான். அப்போதும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை யாரும் பூசாரி நடராசனிடம் சொல்லி வைக்கவில்லை. இளையபெருமாள் கடைசியில் தானாகவே கிளம்பிப் போனபோது, துணி பங்காளி சிங்காரவேலுவின் தலையில் இருந்தது.

"என்னா பூசாரி இது?"

"நாழியாயிடுச்சுங்க. ஆத்தா காத்திருப்பா, ராகு காலம் காத்திருக்குமா?"

"விடுண்ணே, துணிதானே. யாரு தலையில இருந்தா என்னா?" என்றார் சிங்காரவேலு. துணி தன் தலையில் இருக்கும்போது எவனுக்கும் வேதாந்தம் நன்றாக வரும்.

இளையபெருமாள் ஊர் முன்னால் நின்று அறிவித்தார்: "இந்த மதமே எனக்கு வேணாம். வேற மதத்துக்குப் போறேன். ஊருல அரிசிக்குத்தான் பஞ்சம், மதத்துக்கா பஞ்சம்?"

கூட்டம் திடுக்கிட்டு நின்றது. பிறகு தேர் இழுக்கப் போய்விட்டது.

அவர் மனைவி பொன்னம்மாளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மதத்துக்குப் போறீங்க?"

"பாத்துத்தான் முடிவு பண்ணணும். மாடு வாங்கறப்பக்கூடப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறோமே."

"பாருங்க. பல்லு போன வயசுல நீங்க போய் மத்தவங்க பல்லைப் பாருங்க."

பொன்னம்மாள் எந்த மதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவள் இல்லை. பிள்ளைக்கு அம்மை போட்டால் மாரியம்மனுக்கு வேப்பிலை. இரவில் பயந்து அலறினால் தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர். கர்ப்பத்தில் சிக்கல் என்றால் கொள்ளிடக்கரை மாதா கோயிலில் மெழுகுவத்தி. எந்தச் சாமியும் அவளிடம் நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதில்லை. அவளும் எந்தச் சாமியிடமும் எனக்கு எந்த இடம் என்று கேட்டதில்லை. அதனால்தான் மத விஷயத்தில் அவள் கருத்தை யாரும் கேட்கவில்லை.

இளையபெருமாள் துணைக்கு அய்யாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டார். தூரத்து உறவில் மருமகன் முறை. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். உலகம் பார்த்தவன் என்பதால் முதல் விசாரணை அவனிடமே ஆரம்பித்தது.

"பர்மாவுல என்னடா மதம்?"

"புத்த மதம் மாமா."

"அங்க பெரிய மனுசனுக்கு என்னா செய்வாங்க?"

"மொட்டை அடிப்பாங்க. ஏழை, பணக்காரன் எவனா இருந்தாலும் ஆம்பளைன்னா கொஞ்ச நாளாவது சாமியாரா இருக்கணும். கையில ஓடு குடுத்துத் தெருவுல அனுப்புவாங்க. செருப்பு இல்லாம, குனிஞ்ச தலை நிமிராம வூடு வூடாப் போவணும்."

"பிச்சை எடுக்கவா?"

"ஆமா. ஆனா சோறு போடுறவன்தான் மாமா, வாங்குற சாமியாரை மண்டி போட்டுக் கும்பிடுவான்."

கும்பிடுவான் என்றதும் இளையபெருமாளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆசையை அறுத்தால் துன்பம் போகும் என்று புத்தர் சொன்னதை அய்யாக்கண்ணு விளக்கத் தொடங்கினான். அவர் இடைமறித்தார்.

"மீசை?"

"அதுவும் போயிடும்."

புத்த மதம் அத்தோடு முடிந்தது.

அடுத்தது கொள்ளிடக்கரையில் ஒரு சர்ச். அங்கே உபதேசியார் மரியசூசை, கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர், அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நாற்காலியைக் கண்டதும் இளையபெருமாளுக்குப் பாதி மனம் மாறிவிட்டது. கடவுளே மனுஷனாகப் பிறந்தார், நம் பாவத்துக்காகச் சிலுவையில் செத்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று உபதேசியார் சொன்னதை எல்லாம் அவர் தாராளமாக ஒத்துக்கொண்டார். சாமி விஷயத்தில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அவர் கேள்வி ஆசாமி விஷயத்தில்.

"திருநாளுக்குத் திருநாள் மரியாதை ஏதும் உண்டுங்களா?"

"உண்டுங்களே. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை பன்னிரண்டு பேரை வரிசையா உக்கார வெச்சுச் சாமியாரே காலைக் கழுவித் துடைப்பாரு. முத்தமும் குடுப்பாரு."

இளையபெருமாள் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பரிவட்டம் தலைக்குத்தான். இது காலுக்கே மரியாதை.

"அந்தப் பன்னிரண்டு பேரு யாருங்க? ஊர்ப் பெரியவங்களா?"

"இந்த வருஷம் உக்காந்ததுல ஒருத்தரு பரிசல் ஓட்டுறவரு. ஒருத்தரு சாவுக்குக் குழி தோண்டுறவரு. நம்ம ஆண்டவரு சீடங்களுக்கு வேலைக்காரன் மாதிரி காலைக் கழுவினாரு இல்லீங்களா, அதுக்காக. நீங்க சேந்தா சந்தோசம். ஆனா பெரியவங்கன்னா, நம்ம சபையில அடுத்தவங்க காலைக் கழுவுறதுதான் பெருமைங்க."

அது போதாதென்று, செய்த பாவத்தை முழங்காலில் நின்று வாயால் சொல்ல வேண்டும் என்பதையும் மரியசூசை மறைக்காமல் சொன்னார். இளையபெருமாள் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு எழுந்தார். பாவம் இல்லாத மனுஷனுக்கு வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

ஆவணியில் லப்பைக்குடிக்காட்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கே நெய்னா முகம்மது என்று ஒரு ஜவுளி வியாபாரி. யுத்தத்துக்கு முன்னால் மலாயா போய் வந்தவர். இளையபெருமாளுக்குச் சந்தைப் பழக்கம். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குக் கரி பஸ். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சிரைத்து ஓடும் வண்டி. மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். இளையபெருமாள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து, "அய்யா, நீங்கதான் ரொம்பக் கனம்" என்றான். அது ஒரு பாராட்டு என்று நினைத்துத்தான் அவர் இறங்கினார்.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். ரமலான் மாசம்.

"வாங்க, வாங்க. மொதல்ல சாப்பிடுங்க" என்று இலை போட வைத்தார் நெய்னா முகம்மது.

"நீங்களும் உக்காருங்க பாய்."

"எனக்கு நோன்புங்க. விடியக்காலையிலேர்ந்து தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது. நீங்க பயணம் வந்தவங்க, சங்கடப்படாமச் சாப்பிடுங்க."

பட்டினி கிடப்பவர் பரிமாறச் சாப்பிடுவது கடினமான வேலை. இளையபெருமாள் அந்தக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் சோறு வாங்கினார். பிறகு விசாரணை. ஒரே இறைவன், உருவம் கிடையாது, நாளுக்கு ஐந்து வேளை தொழுகை, வசதி உள்ளவன் வருஷா வருஷம் தன் செல்வத்தில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், முடிந்தால் மக்காவுக்குப் போக வேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"தொழுகையில முதல் வரிசை யாருக்கு பாய்?"

"முன்னாடி வர்றவருக்கு."

"பெரிய மனுசன் நேரங்கழிச்சு வந்தா?"

"பின்னாடி எங்க எடம் இருக்கோ அங்க."

"மூணு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட மாட்டீங்களா?"

"பாங்கு சொல்லிக் கூப்பிடுறோமே. அது எல்லாருக்கும் ஒரே கூப்பாடுதாங்க."

சாயந்திரம் நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் அவரையும் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு விறகு வெட்டி. நாளெல்லாம் கோடாலி பிடித்துக் காய்ந்த உதட்டோடு இருந்தவன், தன் பங்கு பேரீச்சம்பழத்தில் பாதியைப் பிய்த்து முதலில் இவரிடம் நீட்டினான். நோன்பே இல்லாத இவர் வாங்கிக்கொண்டார். கஞ்சியும் குடித்தார். கஞ்சி ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இப்படி யாரோ ஒருவன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு பொருள் நன்றாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனாலும் இன்னொரு குவளை கேட்டார்.

திரும்பும் வழியில் அரியலூரில் கடலைக்கொட்டை மண்டி வைத்திருந்த சமணச் சேட்டைப் பார்க்கப் போனார்கள். ஊரெல்லாம் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வாசனை. சேட்டு மட்டும் உபவாசம். எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது, இருட்டினால் சாப்பிடக் கூடாது, தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றார். அன்று அவர்களுக்கு வருஷத்தில் பெரிய நாளாம். திடீரென்று சேட்டு எழுந்து இளையபெருமாள் முன்னால் கைகூப்பினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசை நான் நோவடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

இளையபெருமாளுக்கு உடம்பு புல்லரித்தது. கடைசியில் ஒரு மதம் கிடைத்துவிட்டது.

"மன்னிச்சோம்" என்றார், ஜமீன்தார் குரலில்.

"இப்ப நீங்க என்கிட்ட கேக்கணும்."

"நான் எதுக்கு?"

"அதுதாங்க வழக்கம். நான் காலையிலயே அவர்கிட்டயும் கேட்டுட்டேன்" என்று மூட்டை தூக்கும் ஆளைக் காட்டினார் சேட்டு. அந்த ஆள், நானும் மன்னித்துவிட்டேன் என்பது போலத் தலையாட்டினான்.

இளையபெருமாள் வெளியே வந்தார். மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு வெடித்தார்.

"ஒருத்தன் மொட்டையடிச்சுக் குனிங்கிறான். ஒருத்தன் முட்டி போடுங்கிறான். ஒருத்தன் நெத்தியைத் தரையில வையிங்கிறான். ஒருத்தன் மூட்டைக்காரனைக் கும்பிடுங்கிறான். நிமிந்து நிக்கச் சொல்ற மதம் ஒண்ணுகூடவா கெடையாது?"

"போலீசுல சேந்துடுங்க மாமா" என்றான் அய்யாக்கண்ணு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பொன்னம்மாள், "நம்ம கோயில்ல மட்டும் என்னா, நெடுஞ்சாண்கிடையா விழத்தானே சொல்றாங்க? நீங்கதான் தலைப்பாகை கலையும்னு விழறதில்லை" என்றாள். அவர் அவளைச் சோறு போடச் சொன்னார்.

அடுத்த வைகாசியில் சண்டை வேண்டாம் என்று பூசாரி முதல் பரிவட்டத்தைத் தேரின் மரக்குதிரை தலையில் கட்டிவிட்டார். ஊருக்கு அது பிடித்துப் போயிற்று. குதிரை நேரத்துக்கு வந்தது, பேசவும் இல்லை. இளையபெருமாளும் சிங்காரவேலுவும் கூட்டத்தோடு கூட்டமாக வடம் இழுத்தார்கள். துணி கிடைக்காத சிங்காரவேலுவுக்கு அன்று வேதாந்தம் எதுவும் வரவில்லை.

நாற்பத்து எட்டில், காந்தி மறைந்த பிறகு, அரியலூரில் சர்வமதப் பிரார்த்தனைக் கூட்டம் போட்டார்கள். மதத்துக்கு ஒருவர் பேசியாயிற்று. பொதுவாக எல்லா மதமும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கூட்டத்தை நடத்திய அதிகாரி கேட்டபோது, யாரோ இளையபெருமாள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எல்லா மதத்திலும் சேரப் போய்த் திரும்பி வந்தவர் ஜில்லாவில் அவர் ஒருவர்தானே. மேடை ஏறினார். மனசில் இருந்ததை உள்ளபடியே சொன்னார்.

"எல்லா எடத்துக்கும் நானே போய்ப் பாத்தேங்க. எந்தச் சாமியும், நீ யாரு, எந்தக் குடும்பம்னு கேட்டு என்னைத் தனியா உக்கார வெக்கல. வந்தவனையெல்லாம் ஒண்ணாத்தான் நிக்க வெக்கிறாங்க. இதை என்னால தாங்க முடியலை."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அகந்தை அழிவதே அனைத்து மதங்களின் சாரம் என்பதைக் கண்ணீரோடு எடுத்துரைத்தார் என்று அதிகாரி அவரைப் புகழ்ந்தார். தன்னுடைய புகாருக்கு ஏன் மாலை போடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மாலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன்பின் அவருக்குச் 'சர்வமதம்' என்றே பெயர் நிலைத்தது. சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து சந்தேகம் கேட்டார்கள். ஒருநாள் கொளஞ்சியம்மாள் என்ற ஒரு கிழவி வந்து, காணாமல் போன பசு கிடைக்க எந்த மதத்துச் சாமி நல்லது என்று கேட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். கடைசியில், கயிற்றை யார் கட்டினது என்று கேட்டார்.

"நான்தான் சாமி."

"அப்ப வேற ஒண்ணும் இல்ல. முடிச்சை இறுக்கிப் போடக் கத்துக்க."

கிழவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே பின்கட்டில் இருந்த பொன்னம்மாளிடம் போய் விசாரித்தாள். அதற்கப்புறம் வந்தவர்களும் அப்படியே பின்கட்டுக்குத்தான் போனார்கள்.