கொட்டாங்குச்சி கவிழ்த்த இடம்

பிடித்த மீனுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுகிற மனிதரை என் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பார்த்த அன்றே அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பிடிக்கவில்லை என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். இந்த ஆளின் தூண்டில் ஆயுசுக்கும் சிக்கிக்கொண்டே கிடக்கட்டும் என்று அன்றைக்கே சாபம் விட்டேன். சாபம் விட்டதோடு நிற்கவும் இல்லை.

எங்கள் வீடு பெரம்பலூர் டவுனை ஒட்டிய பெரிய ஏரியின் கரைக்குக் கீழே இருக்கிறது. நான் ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். சில வருஷங்களுக்கு முன்னால் கரை மேல் கல் பதித்து, பெஞ்சு போட்டு, விளக்கு வைத்தார்கள். அதுவரைக்கும் அந்தக் கரையில் நடந்தது நாங்களும் எங்கள் மாடுகளும்தான். இப்போது காலையும் சாயங்காலமும் டவுன்காரர்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி வீசி நடக்கிறார்கள். நடக்கட்டும், யார் வேண்டாமென்றது? எங்களுக்கு அந்த ஏரி குளிக்க, துவைக்க, குழம்புக்கு மீன் பிடிக்க. வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து நானும் தூண்டில் போடுகிறேன். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வலை போட்டால்தான் சண்டைக்கு வருவார்கள், தூண்டிலைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

தூண்டில் போடுகிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு இடத்தில் மீன் சேர வேண்டுமென்றால் தினமும் அங்கே தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து போட்டுப் பழக்க வேண்டும். தவிட்டுக்குப் பொடி மீன் வரும். பொடி மீனைத் தின்ன விரால் வரும். அதற்கு ஒரு மாதமாவது ஆகும். அப்படித் தீனி போடுகிறவர்கள் தவிடு கொண்டுவந்த கொட்டாங்குச்சியை அங்கேயே கல் மேல் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். கவிழ்ந்த கொட்டாங்குச்சியைப் பார்த்தால் வேறு யாரும் அங்கே தூண்டில் போட மாட்டார்கள். குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவன்கூட நாலடி தள்ளிப் போய்த்தான் உட்காருவான்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மதகுக்கு இடப்பக்கம், அல்லிக்கொடி படர்ந்த மூலையில் நான் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தேன். அவளுக்குத் தலைப்பிரசவம். ஆபரேஷன் ஆனாலும் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். வயிற்றைக் கிழித்த புண் ஆறுவதற்கு விரால் குழம்பு கொடுப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சந்தையில் கிடைப்பதெல்லாம் பண்ணையில் தீவனம் தின்று ஐஸில் விறைத்துப் போன விரால். அதைப் பெற்ற மகளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"பாத்துக்கிட்டே இரு, ஒங்கை நீளத்துக்கு ஒன்னு புடிச்சிட்டு வரேன்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கொட்டாங்குச்சி என்று ஒரு நாள் தவறாமல் போனேன். கடைசியில், விரால் மூச்சு வாங்க மேலே வந்து 'களக்'கென்று தண்ணீரை அடிக்கிற சத்தமும் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு வலி வந்துவிட்டது. ஆபரேஷன்தான் ஆனது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். தையலின் ஒரு ஓரம் சரியாகக் கூடாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, அவளையும் பிள்ளையையும் படுக்க வைத்துவிட்டு, வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

என் மூலையில் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டவுனில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ரிட்டயர்டு ஆபீசர் அவர். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய சக்கரம் வைத்த தூண்டில். என் கொட்டாங்குச்சி கல் மேல் மல்லாந்து கிடந்தது. அதற்குள் பிஸ்கட் தாளைக் கசக்கிப் போட்டிருந்தார்.

"சார், இது நான் தீனி போட்டு வச்சிருக்கிற எடம்" என்றேன்.

"இது பொது ஏரிம்மா" என்றார், சிரித்துக்கொண்டே. "அந்தப் பக்கம் எவ்வளவு எடம் கெடக்கு, போய் உக்காருங்க."

அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். சிரித்துவிட்டாரே, என்ன செய்வது? நான் நின்றுகொண்டிருக்கும்போதே அவருடைய தூண்டில் வளைந்தது. நடக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இழுத்துக் கரையேற்றினார். விரால். நான் மகளிடம் சொன்ன அதே கை நீளம்.

எனக்கு வெட்கம், மானம் ஒன்றும் தோன்றவில்லை. "சார், அதை எனக்குக் குடுத்துடுங்க. மகளுக்கு ஆபரேசன் ஆயிருக்கு, புண்ணு ஆற மாட்டேங்குது. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றேன்.

"சாப்பிடறதுக்குன்னா மார்க்கெட்டுல வாங்கிக்கலாமேம்மா. நாங்க புடிச்சிட்டு விட்டுடுவோம், இது ஸ்போர்ட்டு. பாவம், அதுவும் ஒரு உசுரு இல்லையா?" என்றார். மீனைத் தூக்கிப் பிடித்து அதன் தலையில் ஒரு முத்தம் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அப்புறம் குனிந்து தண்ணீரில் விட்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். என் தவிட்டைத் தின்று பெருத்த மீன், என் கண் முன்னால், என் மகளுக்கு இல்லாமல் போகிறது. அதற்குக் கை தட்டல் வேறு!

மறுநாள் உச்சி வெயிலில், கரையில் ஒரு ஈ காக்காய் இல்லாத நேரம் பார்த்து, சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்து வந்தேன். தைத்து மிஞ்சிய துணியைக் கயிறாகத் திரித்துக் கல்லைக் கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, என் மூலை முழுக்க அமுக்கினேன். நாலு கட்டு முள். மேலிருந்து பார்த்தால் அல்லி இலை மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து எனக்குப் பண்டிகைதான். அவர் வீசுவார், சிக்கும். இழுப்பார், அறுந்துபோகும். வேறு தூண்டில்முள் கட்டி வீசுவார், அதுவும் போகும். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வேன்.

"என்ன சார், மாட்டிக்கிச்சா?"

"கீழ ஏதோ கல்லு இருக்கும்போல இருக்கும்மா."

"ஏரின்னா எல்லாந்தான் சார் இருக்கும்."

சிங்கப்பூரிலிருந்து வந்த தூண்டில்முள் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மோர் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் நானும் அங்கே தூண்டில் போட முடியாது. பத்தடி தள்ளிப் போட்டால் சிலேபி வந்தது, கெண்டை வந்தது. விரால் என் முள்ளுக்குள்ளேயே குடித்தனம் பண்ணிக்கொண்டு 'களக்... களக்' என்று சத்தம் கொடுத்தது. வீட்டில் மகள் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்காரும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். புடவையில் நீர் படிந்தது.

லாரியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும், "ஒனக்கு மீனு வேணுமா, அந்தாளப் பழி வாங்கணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றேன்.

"ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்காதுடி." தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

கிடைத்தது. ஒரு காலையில் அந்த ஆபீசர் ரப்பர் தவளை ஒன்று கட்டிக்கொண்டு வந்தார். அது தண்ணீருக்கு மேலேயே மிதந்து போகிற சாமான், முள்ளில் சிக்காது. ரெண்டாவது வீச்சில் விரால் பாய்ந்து கவ்வியது. கவ்வி, நேரே என் முள்ளுக்குள் ஓடியது. தூண்டில் கயிறு முள்ளில் சுற்றிக்கொண்டது. அவர் இழுக்கிறார், வரவில்லை. மீன் உள்ளேயே துள்ளுகிறது.

"எம்மா, நீங்க எறங்கி எடுத்து விட முடியுமா? அப்படியே கெடந்தா செத்துரும். பாவம்" என்றார்.

என்னைக் கூப்பிட்டு, என் இடத்தில் இறங்கச் சொல்கிறார்! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருந்தும் அவசரத்தில் இடது காலை அதன் மேலேயே வைத்துவிட்டேன். உள்ளங்காலில் ஏறிய வலி உச்சந்தலைக்குப் போனது. இடுப்பில் சொருகியிருந்த நூல் வெட்டுகிற கத்தரியால் கயிற்றை வெட்டி, செவுளுக்குள் விரலை விட்டு மீனைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன்.

"கொஞ்சம் தூக்கிப் புடிங்கம்மா. ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுடலாம்."

தூக்கிப் பிடித்தேன். அவர் கொடுத்த மாதிரியே அதன் தலையில் ஒரு முத்தமும் கொடுத்தேன். நடக்கிறவர்கள் கை தட்டினார்கள். அப்படியே திரும்பி மதகுக் கல்லில் ஓங்கி ஒரே அடி அடித்தேன். கை தட்டல் நின்றுபோனது. அந்த ஆள் "ஐயோ" என்றார். மீன் வாயிலிருந்து ரப்பர் தவளையைப் பிடுங்கி என் கொட்டாங்குச்சியில் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"ஒங்க ஸ்போர்ட்டு முடிஞ்சிருச்சு சார். எங்க வூட்டுல இனிமேதான் சோறு."

அவர் வாங்கிக்கொண்டார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

புளி கம்மியாக, பூண்டு நிறையப் போட்டுக் குழம்பு வைத்தேன். மகள் நடுத்துண்டு ரெண்டைத் தின்றாள். பத்து நாளில் புண் காய்ந்தது. மாத்திரையால்தான் ஆறியது என்று நர்ஸம்மா சொன்னார், சொல்லிவிட்டுப் போகட்டும். என் கால் மட்டும் வீங்கிக்கொண்டே போய், அறுத்து முள் நுனியை எடுத்தார்கள். "ஏரிக்குள்ள ஏதும்மா முள்ளு?" என்று மகள் கேட்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

கால் கொஞ்சம் ஊன்ற வந்ததும் நொண்டிக்கொண்டு கரைக்குப் போனேன். என் மூலையில் தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு கூட்டம் நெளிந்தது. விரால் குஞ்சுகள். கிட்டே போனதும் கலைந்து முள்ளுக்குள் ஓடின, திரும்ப மேலே வந்தன. விரால் குஞ்சு தனியாகத் திரியாது. கீழேயே பெரியது காவல் நிற்கும், கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். வெகு நேரம் பார்த்தேன். கீழிருந்து எதுவும் வரவில்லை. அந்த விரால் பசியில் தவளையைக் கவ்வவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளுக்குப் புண் ஆறட்டும் என்று நான் அடித்தது தன் பிள்ளைக்குக் காவல் நின்றதை. அதுவும் ஒரு உசுரு இல்லையா என்று அந்த ஆள் கேட்டது காதில் வந்து நின்றது. போயும் போயும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை சரியாகப் போயிற்றே என்ற ஆத்திரத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதும் தினமும் தவிடு போடுகிறேன். கொட்டாங்குச்சி கவிழ்ந்தே இருக்கிறது. முள்ளை எடுக்கவில்லை, தூண்டிலும் போடுவதில்லை. கொக்கு வந்தால் கல்லை விட்டெறிகிறேன். அந்த ஆபீசர் எதிர்க்கரைக்குப் போய்விட்டார். போகிற வழியில் ஒரு நாள் நின்று, "என்னம்மா, மீன் புடிக்கலையா? சும்மா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதான் சார்" என்றேன்.

ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரிடம் மட்டும் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்.